வீடு விற்கும்போது எதைச் சொல்வது? மலேசியாவில், சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயா பக்கத்து அனுபவங்கள்

பத்திர வேலை பார்ப்பவர்:
அமெரிக்காவில் 1978-க்கு முன் கட்டிய வீடு என்றால், ஈயப் பெயிண்ட் பற்றித் தெரிந்ததை விற்பவர் எழுத்தில் கொடுத்தாக வேண்டும். சோதித்துப் பார்க்க வாங்குபவருக்கு 10 நாள் அவகாசமும் உண்டு. நம் நாட்டில் சப்-சேல் வீட்டுக்கு, அதாவது ஒருவர் வாங்கிய வீட்டை மறுபடி விற்பதற்கு, அப்படி ஒரு படிவமே கிடையாது. அதனால் "நாமாக ஏன் வாயைக் கொடுப்பானேன்" என்று இருந்துவிடுகிறார்கள். 1950 ஒப்பந்தச் சட்டப்படி அது பாதிதான் சரி. 17-ஆவது பிரிவில், பொதுவாகப் பேசாமல் இருப்பது மட்டும் மோசடி ஆகாது. தெரிந்த குறையை வேலை செய்து மறைத்தால் மோசடி. வெள்ளம் ஏறிய கறைக் கோட்டின்மேல் பெயிண்ட் அடித்துவிட்டு "இங்கே தண்ணியே ஏறாதுங்க" என்றால், மறைத்ததும் பொய் சொன்னதும் சேர்ந்துவிடும். 'உள்ளது உள்ளபடி' என்று அக்ரிமெண்டில் போட்டிருப்பதை நம்பி அதைச் செய்யாதீர்கள்.

வாங்குபவருக்கும் ஒரு வார்த்தை. விற்பவர் வாய் திறக்காத விஷயம், நீங்கள் சாதாரணமாகப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும் என்றால், 19-ஆவது பிரிவு உங்கள் பக்கம் நிற்காது. நில அலுவலகத்தில் சாரியான், அதாவது பதிவேட்டுத் தேடல், எடுத்தால் உரிமையாளர் பெயர், நில வகை, கட்டுப்பாடு, கடன், கேவியட் (கைமாற்றத்துக்குத் தடைப் பதிவு) தெரியும். தண்ணீர் ஏறியதா, அடியில் என்ன மண் என்பதெல்லாம் அதில் வராது.

வீடு பழுது பார்க்கும் கொந்திராக்டர்:
அண்ணன் சொன்ன பெயிண்ட் வேலை கண்ணுக்குத் தப்பாது. ஒரு வீட்டில் சுவர் புதுசு, தரை பளபளப்பு. ஆனால் கிரில் கதவின் கீழ்க் கீல் மட்டும் துருவேறிப் பொரிந்திருந்தது, மேல்கீல் நன்றாக இருந்தது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுக் கீழ் பிளக்கின் மூடியைக் கழற்றினால், பெட்டிக்குள் காய்ந்த வண்டல். சமையலறைக் கேபினட்டின் அடிப்பலகை ஊறி உப்பியிருக்கும், அதையும் குனிந்து பாருங்கள். விற்பவர் சொல்வதானால் மூன்றே விஷயம்: எந்த ஆண்டு, எத்தனை அடி, எத்தனை நாள் நின்றது. 2021 டிசம்பர் பெருவெள்ளத்துக்குப் பிறகு சிலாங்கூரில் இதைக் கேட்காமல் யாரும் வாங்குவதில்லை. ஆற்று மட்டத்தை வடிகால், நீர்ப்பாசன இலாகாவான ஜே.பி.எஸ்.ஸின் வெள்ளத் தகவல் தளத்தில் யாரும் பார்க்கலாம். மறைத்து என்ன பயன்?

இந்தப் பக்கம் வெள்ளத்தைவிட மண்தான் பெரிய தலைவலி. ராஜா மூசா காட்டை ஒட்டி காம்புட், அந்தக் கறுத்த சதுப்பு மண். செம்பனைக்காக வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்தால் மண் காய்ந்து, மக்கி, ஆண்டுக்காண்டு இறங்கும். பைலிங் (ஆழத்தில் இறக்கிய அஸ்திவாரத் தூண்) போட்ட வீடு அப்படியே நிற்க, கார் போர்ச்சும் சாக்கடையும் கீழே போகும். வீட்டிலிருந்து செப்டிக் தொட்டிக்குப் போகும் குழாய் சுவரை விட்டு வெளியே வரும் இடத்தில்தான் முதலில் உடையும். மேலே ஒன்றும் தெரியாது. மழை இல்லாத நாளிலும் அந்த மூலையில் மட்டும் புல் செழித்திருக்கும். விரிசலுக்கு சிமெண்ட் பூசி விற்பது வீண், அடுத்த ஆண்டே திறந்துவிடும். பழைய வெள்ளீயச் சுரங்கக் குட்டையை மூடிக் கட்டிய இடத்திலும் அடியில் சேற்றுக்களி இருந்தால் இதே கதை. செப்டிக் தொட்டியைக் கடைசியாகக் காலி செய்த ரசீதையும் கொடுங்கள். 2 ஆண்டுக்கு ஒருமுறை செய்திருந்தால் பேரத்தில் அது உங்களுக்குத்தான் பலம்.

தோட்டத்தில் வேலை பார்த்த கிராணி (எழுத்தர்):
அஸ்பெஸ்டாஸ் கூரையை விட்டுவிட்டீர்களே. தோட்ட லயத்து வீடுகளிலும் 80-களுக்கு முந்திய தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளிலும் அந்தச் சாம்பல் நிற அலைத்தகடு சகஜம். விற்பதற்கு முன் பாசி போக வாட்டர் ஜெட் அடிக்கிறார்கள், அதைத்தான் செய்யக் கூடாது; மேல்தோல் கரைந்து நார் வெளியே வரும். ரம்பம், டிரில் எதுவும் வேண்டாம். மாற்றுவதானால் தெரிந்த ஆளை வைத்து, நனைத்து, ஆணியைக் கழற்றி, உடையாமல் முழுத் தகடாக இறக்கி, பிளாஸ்டிக்கில் சுற்ற வேண்டும். பார்த்த மாத்திரத்தில் உறுதியாகச் சொல்ல முடியாது, லேப்தான் சொல்லும். ஆகவே 'அஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், சோதிக்கவில்லை' என்று எழுதினால் போதும்.

இன்னொன்று, மருந்து ஸ்டோர். பழைய ரப்பர் தோட்டங்களில் லாலான் புல்லுக்கு சோடியம் ஆர்சனைட் அடித்த காலம் உண்டு. ஆர்சனிக் தனிமம், மக்கிப் போகாது. ஸ்டோரோ டீசல் டாங்கியோ இருந்த இடத்தில் மனை என்றால் அதைச் சொல்லிவிடுங்கள். காய்கறி போடுகிறவர் வாங்கினால் மேல்மண்ணைப் பல இடத்தில் எடுத்து, அங்கீகாரம் பெற்ற லேப்பில் கொடுக்கச் சொல்லுங்கள்.

பத்திர வேலை பார்ப்பவர்:
கிராணி ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இதையெல்லாம் முன்பணம் வாங்குவதற்கு முன்பே கொடுங்கள். 10 விழுக்காடு கட்டி, சைன் போடும் நாளில் நீட்டினால் சண்டைதான் வரும். ஒரே தாள், தேதியோடு. 'எனக்குத் தெரிந்தவரை' என்ற வார்த்தை கட்டாயம். தெரியாததற்கு 'இல்லை' என்று எழுதாதீர்கள், 'தெரியாது' என்றே எழுதுங்கள். இருவரும் கையெழுத்திட்டு, லாயரிடம் சொல்லி அக்ரிமெண்டின் பின்னிணைப்பாகச் சேர்த்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் ஏஜெண்டிடம் சொல்லிவிட்டேன் என்பதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். கமிஷன் போய்விடும் என்று அவர் அதை அங்கேயே அமுக்கிவிட்டால் உங்களுக்குத் தெரியவே தெரியாது.