மார்மன்கள் பற்றிய பிபிஎஸ் ஆவணப்படம்: இரண்டு மாலைகளில் எப்படித் திரையிடலாம்?

லாஸ்பேட்டை வாசகர் வட்டம்:
அமெரிக்காவின் பிபிஎஸ் தொலைக்காட்சி 2007இல் ஒளிபரப்பிய 'த மார்மன்ஸ்' ஆவணப்படத்தைப் புதுச்சேரியில் கல்லூரி மாணவர்களுக்கும் எங்கள் வட்ட உறுப்பினர்களுக்கும் போட்டுக் காட்ட நினைக்கிறோம். ஹெலன் விட்னி இயக்கியது. இரண்டு பாகம், மொத்தம் நான்கு மணி நேரம். மார்மன்கள் அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டில் தோன்றிய ஒரு கிறிஸ்தவ வழிச் சபையினர். வருகிறவர்களில் பலருக்கு மார்மன் என்றால் பலதார மணம் என்பதைத் தாண்டி ஒன்றும் தெரியாது. வரலாறு சொல்லும் முதல் பாகத்தை விட்டுவிட்டு, இன்றைய வாழ்க்கையைச் சொல்லும் இரண்டாம் பாகத்தை மட்டும் போட்டால் போதுமா? முன்னுரையில் என்ன சொல்ல வேண்டும்? படத்தில் எது பழசாகிவிட்டது? தமிழ் சப்டைட்டில் நாங்களே போடப்போகிறோம், அதற்கும் யோசனை வேண்டும்.

கெடிலக்கரை:
முதல் பாகத்தை வெட்டவே கூடாது. இரண்டாம் பாகத்தில் தெரியும் கட்டுக்கோப்புக்கும், தலைமைக்குக் கீழ்ப்படிவதற்கும், வெளியாட்களிடம் காட்டும் எச்சரிக்கைக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

1838 அக்டோபரில் மிசௌரி ஆளுநர் பாக்ஸ், மார்மன்களை ஒழித்துக்கட்ட வேண்டும் அல்லது மாநிலத்தை விட்டே விரட்ட வேண்டும் என்று எழுத்திலேயே ஆணை போட்டார். மூன்றாம் நாள் ஹான்ஸ் மில் குடியிருப்பில் 17 பேர் கொல்லப்பட்டார்கள். 1844 ஜூன் 27 அன்று இலினாய் மாநிலத்துக் கார்த்தேஜ் சிறைக்குள் ஒரு கும்பல் புகுந்து, நிறுவனர் ஜோசப் ஸ்மித்தையும் அவர் அண்ணன் ஹைரமையும் சுட்டுக் கொன்றது. பிறகுதான் பிரிகாம் யங் தலைமையில் மேற்கே நடந்து, 1847 ஜூலையில் சால்ட் லேக் பள்ளத்தாக்கை அடைகிறார்கள்.

இது தெரியாமல் 1857 செப்டம்பர் 11இன் மவுன்டன் மெடோஸ் படுகொலையைப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. அமெரிக்க மத்திய அரசின் படை, மார்மன்கள் குடியேறியிருந்த யூட்டாவை நோக்கி வந்துகொண்டிருந்த சமயம். கலிஃபோர்னியாவுக்குப் போய்க்கொண்டிருந்த அர்கன்சா வண்டிக் கூட்டத்தாரை, பத்திரமாகக் கூட்டிப்போகிறோம் என்று வெள்ளைக் கொடி காட்டி வெளியே வரவழைத்து அங்கிருந்த மார்மன்கள் கொன்றார்கள். ஏறக்குறைய 120 பேர். உயிரோடு விட்டது 17 சின்னக் குழந்தைகளை. தண்டனை அடைந்தவர் ஜான் டி. லீ ஒருவர்தான், அதுவும் 1877இல். படம் இதற்கு அளவுக்கு மீறி நேரம் கொடுத்துவிட்டது என்று மார்மன்கள் பலர் குறைப்பட்டார்கள். என் கணிப்பில் அந்த நேரம் தேவைதான். விரட்டப்பட்டவர்களே கொலை செய்யும் இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பதை அவசரமாகச் சொல்ல முடியாது.

முன்னுரையில் பலதார மணத்தின் காலவரிசையைப் பலகையிலேயே எழுதிவிடுங்கள். 1852இல் வெளிப்படையாக அறிவித்தார்கள். 1890இல் அப்போதைய சபைத் தலைவர் வில்ஃபோர்ட் உட்ரஃப் நிறுத்துவதாக அறிவித்தார். 1904இல் மீறுபவர்கள் சபையிலிருந்து நீக்கப்படுவார்கள் என்று இறுக்கினார்கள். படத்தில் இன்றும் பல மனைவியரோடு வாழ்பவர்களாக வருகிறவர்கள் பிரிந்துபோன தனிக் குழுவினர். இதைச் சொல்லாமல் விட்டால் கேள்வி நேரம் முழுக்க இதிலேயே போய்விடும்.

கடலூர்ப் பக்கத்தவர்களுக்கு இன்னொன்று உதவும். பிரிகாம் யங் வள்ளலார் காலத்து மனிதர். அருட்பா மருட்பாப் பூசல் துண்டுநூல்களிலும் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்திலும் நடந்ததைப் போல, இந்த மதத்தின் தோற்றமும் அச்சும் வழக்கும் பெருகிய காலத்தில் நடந்தது. நாளிதழ், நாட்குறிப்பு, நீதிமன்ற ஆவணம் என்று சான்றுகள் அதனால்தான் இவ்வளவு மிஞ்சியிருக்கின்றன.

உப்பளம் திரை:
முதலில் அனுமதி. கல்வி நிறுவனத்துக்குள் மாணவர், ஆசிரியர், பெற்றோர், நிறுவனத்தோடு தொடர்புடையோர் மட்டும் பார்த்தால் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு இடம் தருகிறது. வாசகர் வட்டத்தாரும் வந்து உட்கார்ந்தால் அந்த விலக்குக்குள் அடங்குவது சந்தேகம். பொதுத் திரையிடலுக்கு உரிமையாளரிடம் தனியாக எழுதி வாங்குங்கள். வீட்டுக்கான டிவிடி வாங்கியது அதற்கு ஈடாகாது.

டிவிடிகளுக்கு நாட்டுக்கு ஏற்ப 'ரீஜன்' என்ற பகுதி எண் உண்டு, எண் பொருந்தாவிட்டால் ஓடாது. அமெரிக்க டிவிடி பெரும்பாலும் ரீஜன் 1. நம் ஊர் பிளேயர்கள் ரீஜன் 5. கணினி டிரைவில் ரீஜனை ஐந்து முறைதான் மாற்றலாம், கடைசியாக வைத்ததிலேயே பூட்டிக்கொள்ளும். ஆகவே அரங்கின் கணினியில் கைவைக்காமல் வெளியே சொருகும் டிரைவ் ஒன்றை இதற்கென்று ஒதுக்குங்கள்.

சப்டைட்டில் கோப்பை யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் சேமியுங்கள், இல்லாவிட்டால் கேள்விக்குறிகள்தான் வரும். படம் ஓட்டும் விஎல்சி மென்பொருளில் எழுத்துருவை நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது நிர்மலா என்று நீங்களே தேர்ந்தெடுங்கள். பழைய பதிப்புகளில் கொம்பும் காலும் இடம் மாறி விழும். திரையிடும் அதே கணினியில் முந்தின நாளே ஓட்டிப் பாருங்கள். வசனம் முந்தியோ பிந்தியோ வந்தால் ஜி, எச் விசைகள் ஒவ்வொரு தட்டுக்கும் 50 மில்லி செகண்ட் நகர்த்தும். பேட்டிகள் அடர்த்தியானவை. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் யாராலும் படித்து முடிக்க முடியாது. இரண்டு வரிக்குள் சுருக்குங்கள்.

முத்தியால்பேட்டை:
பழசானவை பற்றி. படம் ஓடியபோது கார்டன் ஹிங்க்லி சபையின் தலைவர். 2008 ஜனவரியில் காலமானார். மதம் பரப்பும் ஊழியத்துக்குப் போகும் வயது 2012இல் ஆண்களுக்கு 18, பெண்களுக்கு 19 என்று குறைந்தது. 2025இல் பெண்களுக்கும் 18 ஆனது. ஆண்கள் 24 மாதம், பெண்கள் 18 மாதம் என்பது அப்படியே. ஞாயிறு கூட்டம் 2019 முதல் மூன்று மணி நேரத்திலிருந்து இரண்டாகச் சுருங்கியது. 2018இல் அப்போதைய தலைவர் ரசல் நெல்சன், 'மார்மன்' என்பதை விட்டுச் சபையின் முழுப்பெயரையே சொல்லும்படி கேட்டுக்கொண்டார். விவாதத்தில் 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை' என்று ஒரு தரமாவது சொல்லுங்கள், அது மரியாதை.

எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் 2013இலிருந்து வந்தது. ஜோசப் ஸ்மித்தின் பல திருமணங்கள், 1978 வரை கறுப்பின ஆண்களுக்குக் குருத்துவம் மறுக்கப்பட்டது போன்றவை பற்றிச் சபையே தன் தளத்தில் விரிவான கட்டுரைகள் வெளியிட்டது. படத்தில் ஆய்வாளர்கள் தயங்கித் தயங்கிப் பேசும் சில விஷயங்களைச் சபையே இன்று ஒப்புக்கொள்கிறது. இரண்டாம் பாகத்துக்குப் பின் அரை மணி நேரத்தை இதற்கே வையுங்கள்.

லாஸ்பேட்டை வாசகர் வட்டம்:
இரண்டு பாகத்தையும் முழுதாகவே போடுகிறோம். இறந்தவர்களுக்கு ஞானஸ்நானம் என்று வருகிறதே, அதைக் கிறிஸ்தவ மாணவர்கள் கட்டாயம் கேட்பார்கள். எப்படி விளக்குவது?

முத்தியால்பேட்டை:
உயிரோடிருக்கும் ஒருவர் இறந்தவரின் பெயரில் ஆலயத் தொட்டியில் முழுகி எழுகிறார். ஏற்பதும் மறுப்பதும் அந்த ஆன்மாவின் விருப்பம் என்பது அவர்கள் நம்பிக்கை. யூதப் படுகொலையில் மாண்டவர்கள் பெயரில் செய்ததற்கு எதிர்ப்பு கிளம்பி, 1995இல் யூத அமைப்புகளோடு உடன்பாடு செய்துகொண்டார்கள். இரு பக்கத்தையும் சொல்லுங்கள். முன்னோர் பெயர் தேவைப்படுவதால்தான் உலகெங்கும் பதிவேடுகளைப் படமெடுக்கிறார்கள். சபை நடத்தும் ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசக் கணக்கு தொடங்கி யாரும் தேடலாம். பிரெஞ்சுக் கால எத்தா சிவில் என்னும் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவில் பாட்டன் பெயர் தேடி அலைந்த புதுச்சேரிக் குடும்பங்களுக்கு இந்தப் பகுதி சட்டென்று பிடிபடும், அங்கிருந்தே பேச்சைத் தொடங்குங்கள்.