ஈரானுக்குப் போகும் தேயிலை: எங்கள் குடும்பக் குழுவில் ஒரு மாலை

அண்ணா (கட்டார்): ஈரானுக்கு நம் தேயிலையைச் சும்மா அனுப்புகிறார்களாமே, உண்மையா மாமா?

பெரிய மாமா (பண்டாரவளை): சும்மா இல்லை தம்பி. 2012இல் வாங்கிய எண்ணெய்க்கு நாம் 251 மில்லியன் டொலர் பாக்கி வைத்திருந்தோம். ஈரான் மீதான அமெரிக்கத் தடையால் வங்கி வழியாக அனுப்ப முடியவில்லை. மாதம் 5 மில்லியன் டொலர் பெறுமதியான தேயிலை கொடுத்துக் கழிப்பதாக 2021 டிசம்பரில் ஒப்பந்தம் போட்டார்கள். தேயிலை உணவுப்பொருள், அதனால் தடைக்குள் வராது என்பது அரசின் விளக்கம்.

அம்மா: அப்போ டொலர் வராதா அண்ணா?

பெரிய மாமா: வராது தங்கச்சி. ஏற்றுமதிக்காரருக்கு இங்கேயே ரூபாயில் கொடுப்பார்கள். கடன் குறையும், அவ்வளவுதான்.

அம்மா: சண்டை அவர்களுக்குள். நடுவில் நம் கொழுந்து.

பெரிய மாமா: உமா ஓயா நீர்மின் திட்டமும் அப்படித்தான். செலவில் 85 வீதம் ஈரான் வங்கி தருவதாகப் பேச்சு. தடை இறுகியதும் சுமார் 50 மில்லியன் டொலரோடு நின்றுவிட்டது. மிச்சத்தை நம் அரசே போட்டது. 2024 ஏப்ரலில்தான் அப்போதைய ஈரான் ஜனாதிபதி ரைசி வந்து திறந்தார்.

தங்கச்சி (பேராதனை): அதற்காகத் தடையே வீண் என்று சொல்லாதீர்கள் மாமா. நிறவெறி ஆட்சி நடந்த தென்னாபிரிக்காவைப் பாருங்கள். 1985இலேயே வெளிநாட்டு வங்கிகள் கடனைப் புதுப்பிக்க மறுத்தன. அடுத்த வருடம் ஜனாதிபதி ரீகனின் வீட்டோவையும் மீறி அமெரிக்க காங்கிரஸ் தடைச் சட்டம் கொண்டுவந்தது. சிறையிலிருந்து வந்த மண்டேலாவே தடையை இப்போது எடுக்காதீர்கள் என்றார். 1993இல்தான் எடுக்கச் சொன்னார்.

பெரிய மாமா: அங்கே உள்நாட்டிலேயே சனம் எழுந்து நின்றது மகள். தடை அவர்களுக்குத் துணை. ஈராக்கில் 1990இலிருந்து 13 வருடம் தடை. சனம் பங்கீட்டு மாவில் சீவித்தது, சதாம் அசையவில்லை. கடைசியில் அமெரிக்கப் படைதான் அவரை இறக்கியது.

அண்ணா: 2017இல் கட்டாரை சவூதி, அமீரகம், பஹ்ரைன், எகிப்து நாலும் சேர்ந்து அடைத்தபோது நான் இங்கேதான் இருந்தேன். முதல் நாள் கடையில் பால், கோழி எல்லாம் காலி. அப்புறம் துருக்கியிலிருந்து பால் வந்தது, விமானத்தில் மாடே வந்து இறங்கியது! ஈரான் தன் வான்வழியைத் திறந்துவிட்டது. கட்டாரின் அல் ஜசீரா தொலைக்காட்சியை மூடு என்பது உட்பட 13 கோரிக்கை வைத்தார்கள். 2021 ஜனவரியில் எல்லையைத் திறந்தபோதும் அல் ஜசீரா ஓடிக்கொண்டுதான் இருந்தது. எரிவாயுக் காசு இருக்கிற நாடு, பக்கத்தில் மாற்று வழியும் இருந்தது. எப்படிப் பணியும்?

நான்: நம் கதையும் இருக்கிறதே. மனித உரிமையைக் காரணம் காட்டி 2010 ஓகஸ்டில் ஐரோப்பிய ஒன்றியம் நம் ஏற்றுமதிக்குக் கொடுத்த ஜிஎஸ்பி பிளஸ் என்ற வரிச்சலுகையை நிறுத்தியது. தடை என்று சொல்ல முடியாது, ஆனால் நெருக்குதல்தான். அப்போதைய அரசு இறங்கி வரவில்லை. 2015இல் சனம் வோட்டுப் போட்டு ஆட்சியை மாற்றிய பிறகுதான், 2017இல் திரும்பக் கிடைத்தது. இடையில் கவலைப்பட்டது கார்மென்ட்டில் வேலை செய்த பிள்ளைகள்.

தங்கச்சி: நான் சொல்ல வந்ததே இதுதான். திரும்பக் கிடைக்கும் என்ற வழி இருந்தது. ஈரானும் அப்படித்தான் 2015இல் யுரேனியச் செறிவூட்டலை 3.67 வீதத்துக்குள் வைக்க ஒத்துக்கொண்டது. 2018இல் டிரம்ப் விலகித் தடையைத் திரும்பப் போட்டார். 2021இல் அவர்கள் 60 வீதத்துக்குப் போய்விட்டார்கள். சொன்னதைச் செய்தும் தடை திரும்ப வந்தால் மறுபடி யார் நம்புவார்கள்?

அம்மா: எப்போது எடுப்போம் என்று எழுதி வைப்பார்களா மகள்?

தங்கச்சி: சிலர் வைப்பார்கள் அம்மா. ரஷ்யா மீதான பொருளாதாரத் தடையை ஐரோப்பிய ஒன்றியம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூடிப் புதுப்பிக்க வேண்டும். கியூபாவுக்கு 1962இலிருந்து அமெரிக்கத் தடை. அமெரிக்க ஜனாதிபதி நினைத்தாலும் தனியாக முழுசாக நீக்க முடியாதபடி 1996இல் சட்டமே போட்டுவிட்டார்கள்.

பெரிய மாமா: அதுதான் எனக்குக் கோபம். பூட்டுகிறவன் கையிலேயே திறப்பு இல்லை என்றால், கியூபாக்காரன் எதை நம்பி இறங்கி வருவான்?