ஒண்டெல்-ஒண்டெலுக்குள் இருந்த பையன்

ஜகார்த்தாவுக்கு வேலைக்கு வந்த புதிதில் சிக்னலில் வைத்துத்தான் ஒண்டெல்-ஒண்டெலை, அதாவது ஆள் உள்ளே புகுந்து சுமந்து ஆடும் பெரிய பொம்மையை, முதன்முதலில் பார்த்தேன். இரண்டரை மீட்டர் உயரத்தில் ஒரு சிவப்பு முகம் ஆடிக்கொண்டே வண்டிப் பக்கம் வந்தது. பின்னால் தள்ளுவண்டியில் ஸ்பீக்கர் அலற, ஒரு சிறுவன் வாளியை நீட்டினான். காசு போட்டேன், மறந்துவிட்டேன்.

ஒழுங்காகப் பார்த்தது தெற்கு ஜகார்த்தாவின் ஜககார்சாவில், அலுவலக நண்பரின் தங்கை கல்யாணத்தில். அவர்கள் பெத்தாவி மக்கள், இந்த நகரத்தின் பூர்விக மக்கள். மாப்பிள்ளை வீட்டார் வருவதற்கு முன்பே வாசலில் ஜோடியாக நின்றன பொம்மைகள். ஆணுக்குச் சிவப்பு முகம், பெண்ணுக்கு வெள்ளை. கறுப்பு நாரில் தலைமுடி, அதில் வண்ணக் காகிதம் சுற்றிய குச்சிகளைக் கொத்துக் கொத்தாகச் செருகியிருந்தார்கள். 'கெம்பாங் கெலாப்பா', அதாவது தென்னம்பூ என்று பேர். கம்பாங் குரோமோங் என்ற பெத்தாவி மேள இசை தொடங்கியதும் இரண்டும் மெல்லத் திரும்பித் திரும்பி ஆடின. தெஹ்யான் என்ற வில் வாத்தியத்தின் இரண்டு தந்திகள் இழைந்த அந்த ஓசை இன்னும் காதில் இருக்கிறது.

நண்பரின் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார்: முன்பு இதற்கு பாரோங்கான் என்று பேராம். ஊரில் கொள்ளை நோய் பரவினால் கெட்டது அண்டாமலிருக்கத் தெருத்தெருவாகச் சுமந்து வருவார்களாம். முகமும் பயங்கரமாக இருக்குமாம். அலி சாதிகின் ஆளுநராக இருந்த 1966–77 காலத்தில்தான் அது நகரத்தின் அடையாளமாகி, விழாக்களுக்கு வரத் தொடங்கியது. ஜூன் 22, நகரத்தின் பிறந்தநாள் வந்தால் இப்போது எங்கு பார்த்தாலும் இதுதான். தெருவில் காசு கேட்டு வருவதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் மாறியது. "ஜோடி இல்லை, வாத்தியம் இல்லை, ஒற்றையாக அலைய விடுகிறார்கள்" என்றார்.

ஆட்டம் முடிந்து ஆண் பொம்மையைச் சுவரில் சாய்த்தார்கள். அடியிலிருந்து குனிந்து வெளியே வந்தவனுக்குப் பதினேழு வயது இருக்கும். பனியன் பிழிந்தெடுத்தது போல ஈரம். "பானாஸ், பாக்" என்றான். 'பாக்' என்றால் ஐயா. வெக்கை தாங்கவில்லையாம். உள்ளே எட்டிப் பார்த்தேன்: மூங்கில் பட்டைகளை வளைத்துக் கட்டிய கூடு, தோளில் பட்டு வழவழப்பான இரண்டு குறுக்குக் கழி, துணியில் ஓர் உள்ளங்கை அகலத் துளை. வழி பார்க்க அவ்வளவுதான். சரி, தூக்கிப் பார்க்கலாம் என்று தோள் கொடுத்தேன். தரையை விட்டு ஒரு சாண் எழும்பியது, அப்புறம் இடுப்பு விட்டுவிட்டது. அவன் அதோடு அரை மணி நேரம் ஆடியிருந்தான்.

அந்த அம்மா வாத்தியத்தைப் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. ஸ்பீக்கர் பாட்டுக்கு அது ஆடுவதைப் பார்க்க எனக்கும் மனம் ஒப்பவில்லை. ஆனால் வெயிலில் அந்தக் கூட்டைச் சுமக்கும் பிள்ளைகள்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை.

போன மாதம் அதே சிக்னலில் ஒன்று வந்தது. வாளியில் காசு போட்டுவிட்டு, துணியிலிருந்த துளையைப் பார்த்து "தெரிமா காசி", நன்றி என்றேன். உள்ளேயிருந்து மூச்சிரைக்க ஒரு குரல்: "சாமா-சாமா, பாக்."