வினாடி வினா செயலியால் வகுப்பு கவனிக்கிறதா, கத்துகிறதா?

கரும்பலகை:
எட்டாம் வகுப்பில் இரண்டு மாதம் வினாடி வினா செயலி ஓட்டிப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டேன். சீக்கிரம் அழுத்தினால் கூடுதல் புள்ளி. கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் கேள்வி திரையில் வந்ததும் படிக்காமலே சிவப்புக் கட்டத்தை அழுத்துவான். ஏன் என்று கேட்டால், "நாலில் ஒரு தடவை சரியா வந்துடும் சார்" என்கிறான். நிகழ்தகவு புரிந்திருக்கிறது, பாடம்தான் புரியவில்லை. முதல் ஐந்து இடம் எப்போதும் அதே ஐந்து பேருக்கு. மற்றவர்கள் மூன்றாவது கேள்வியிலேயே கைவிட்டுவிடுகிறார்கள். இதற்குப் பெயர் ஈடுபாடு என்றால் சந்தைக்கடைக்கும் அதே பெயர்தான்.

மின்மினி:
சார், வேகப்புள்ளிதான் தொல்லை என்றால் அதை எடுத்துவிடலாமே? கஹூட் மாதிரி வினாடி வினா செயலியில் புள்ளியே இல்லாமலும் கேள்வி வைக்கலாம். எனக்கு இது போட்டிக்கு அல்ல, யாருக்கு எங்கே புரியவில்லை என்று பார்க்க. கை தூக்கச் சொன்னால் முதல் ரேங்க் பிள்ளையின் கையைப் பார்த்துத்தான் மற்ற கைகள் எழும்.

வழிப்போக்கன்:
ஸ்வீடனே 2023இல் அச்சுப் புத்தகத்துக்குப் பணம் ஒதுக்கித் திரும்பிப் போகிறது. நாம் இன்னும் செயலி பேசிக்கொண்டிருக்கிறோம்.

மின்மினி:
அது புத்தகத்துக்குப் பதில் டேப்லெட் கொடுத்த கதை. நான் சொல்வது பாடத்தின் நடுவே இரண்டு நிமிடம்.

கரும்பலகை:
அந்த இரண்டு நிமிடத்துக்கு ஆளுக்கொரு போன் வேண்டுமே. கையில் போன் வந்தபின் பாடமா பார்ப்பார்கள்?

மின்மினி:
பிளிக்கர்ஸ் என்ற செயலியைப் பாருங்கள். பிள்ளைகள் கையில் வெறும் காகித அட்டை. எந்தப் பக்கத்தை மேலே பிடிக்கிறார்களோ அதுதான் விடை. உங்கள் ஒரு போன் கேமரா போதும். ஒவ்வொரு அட்டையிலும் வடிவம் வேறு, அதனால் பக்கத்து அட்டையைப் பார்த்துக் காப்பியடிப்பது கஷ்டம்.

போன வாரம் கேட்டேன்: பக்க இணைப்பில் இரண்டு பல்பு, ஒன்றைக் கழற்றினால் மற்றது என்னாகும்? பாதி வகுப்பு 'இன்னும் பிரகாசமாகும்' என்றது. விடையைச் சொல்லவில்லை. பக்கத்தில் இருப்பவரோடு வாதாடச் சொல்லி மறுபடி அட்டை தூக்க வைத்தேன். ஹார்வர்டில் எரிக் மசூர் 1991 முதல் இயற்பியலில் செய்துவருவது இதுதான். அப்புறம் ஃபெட் என்ற கணினி உருவகப்படுத்தலில், திரையிலேயே பல்பைக் கழற்றிக் காட்டினேன். பிரகாசம் மாறவே இல்லை.

கரும்பலகை:
இங்கேதான் பிடிக்கிறேன். நிஜமான பழைய செல்லில் செய்து பாருங்கள், மிச்சமிருக்கும் பல்பு கொஞ்சம் பிரகாசமாகவே எரியும். அகமின்தடை, செல்லுக்குள்ளேயே இருக்கும் மின்தடை! தப்பு என்று நீங்கள் ஒதுக்கிய பிள்ளை வீட்டில் அதைப் பார்த்திருக்கலாம். திரையில் மின்கலம் எப்போதும் புதுசு.

மின்மினி:
ஐயோ, சரிதான். ஃபெட்டிலும் மின்கலத்துக்கு மின்தடை கூட்டலாம், நான் தொடவே இல்லை. நாளைக்கு இரண்டையும் காட்டுகிறேன்.

கரும்பலகை:
முதலில் நிஜ செல், அப்புறம் திரை. வரிசை முக்கியம். சரி, அந்த அட்டையை எதில் அச்சிட்டீர்கள்?

மின்மினி:
சாதாரணக் கெட்டித்தாள்தான். பளபளப்பாக லேமினேட் செய்துவிடாதீர்கள், வெளிச்சம் பட்டு மினுங்கினால் கேமரா படிக்காது.