“ஏன் டீச்சர் அவங்க முன்னாடியே ஓடிப் போகல?” – எலீ வீசலைப் பத்தாம் வகுப்புக்கு எப்படிச் சொல்வது?

பாலக்கோடு டீச்சர்:
பாலக்கோடு பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். இரண்டாம் உலகப்போர் பாடம் ஓடிக்கொண்டிருக்கிறது. 60 லட்சம் யூதர்களைக் கொன்றார்கள் என்று வாசித்தால் பிள்ளைகள் அடிக்கோடு போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள், தேர்வுக்கு வரும் எண் அவ்வளவுதான். அதனால் ஒரே ஒரு ஆளின் கதையைச் சொல்லலாம் என்று அதிலிருந்து உயிர் பிழைத்து வந்து எழுதிய எலீ வீசலை எடுத்தேன். நாஜிகளின் ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு அவரைக் கொண்டுபோனபோது அவருக்கு 15 வயது, என் பிள்ளைகளுக்கும் அதே வயது.

போர்டில் “எலி வீசல்” என்று எழுதியதும் வகுப்பே சிரித்தது. எலியை யார் வீசினது டீச்சர் என்று ஒருத்தன். அதை அடக்கி, அப்போது ஹங்கேரியில் இருந்த சிகெட் என்ற ஊர், அப்பா வைத்திருந்த கடை, மூன்று சகோதரிகள், அப்புறம் ஒரு ரயில் பெட்டிக்கு 80 பேராக அடைத்து ஏற்றியது வரை வந்துவிட்டேன். அப்போது கடைசி பெஞ்சில், தக்காளி பறிக்கிற நாளில் பாதி நாள் லீவு போடுகிற ஒரு பெண் எழுந்து, ஜெர்மன்காரன் இப்படிச் செய்கிறான் என்று உலகத்துக்கே தெரியுமே, ஏன் அவங்க முன்னாடியே ஓடிப் போகல என்று கேட்டாள். மணி அடித்ததால் தப்பித்தேன். அவர் எழுதிய “நைட்” புத்தகத்தை பி.எட். படிக்கும்போது ஒரு தடவை படித்தது, இப்போது பாதி மறந்துவிட்டது. வியாழக்கிழமை அதே வகுப்பு. என்ன சொல்வது? முகாமுக்குள் நடந்ததை இந்த வயதுப் பிள்ளைகளிடம் எந்த அளவுக்குச் சொல்லலாம்?

மொரப்பூர்க்காரன்:
முதலில் பெயர். அவருடைய முழுப்பெயர் எலியேசர். அப்படியே எழுதுங்கள், நம் பக்கத்து சர்ச்சுகளில் அந்தப் பெயரில் ஆட்கள் இருக்கிறார்கள், யாரும் சிரிக்க மாட்டார்கள்.

அப்புறம் அந்த 80 பேர் கணக்கு. ரயில்வேயில் 31 வருஷம் இருந்தவன் நான். மூடின கூட்ஸ் பெட்டிக்குள் மே மாத வெயிலில் கதவைச் சாத்திக்கொண்டு ஐந்து நிமிஷம் நின்று பார்த்தால்தான் அது என்ன என்று தெரியும், தகரம் காய்ந்து மேலே கை வைக்க முடியாது. இவர்களை ஏற்றினதும் மே மாதம்தான், 1944. குடிக்கச் சில வாளி தண்ணீர், அவ்வளவுதான், பயணமோ நாள்கணக்கில். அந்த மே நடுவிலிருந்து ஜூலை முதல் வாரம் தாண்டும் வரை, எட்டு வாரத்துக்குள் ஹங்கேரியிலிருந்து ஏறக்குறைய 4 லட்சத்து 40 ஆயிரம் பேரை இப்படி ரயிலில் அனுப்பினார்கள், பெரும்பாலும் ஆஷ்விட்ஸுக்கு. 2011 கணக்குப்படி நம் தருமபுரி மாவட்டம் முழுக்கவே 15 லட்சம் பேர்தான். பிள்ளைகளிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். 60 லட்சம் என்றால் மண்டையில் ஏறாது.

ஊத்தங்கரை வாசகி:
டீச்சர், அந்தப் பெண்ணின் கேள்விக்குப் பதில் புத்தகத்தின் முதல் அத்தியாயத்திலேயே இருக்கிறது. சிகெட்டில் மோஷே என்று ஒருவர், யூதக் கோவிலில் எடுபிடி வேலை, ஏழை, எலியேசருக்கு வேதம் சொல்லிக்கொடுத்தவர். வெளிநாட்டு யூதர்கள் என்று சொல்லி முதலில் இவர் மாதிரி ஆட்களை ரயிலேற்றிக் கொண்டுபோனார்கள். ஊர் கொஞ்ச நாள் அழுதுவிட்டு மறந்துவிட்டது. மாதங்கள் கழித்து அவர் திரும்பி வருகிறார், நொண்டிக்கொண்டு. காட்டில் அவர்களையே குழி வெட்டச் சொல்லிச் சுட்டார்கள், இவருக்குக் காலில் குண்டு, செத்துவிட்டான் என்று விட்டுப் போயிருக்கிறார்கள். வீடு வீடாகப் போய்ச் சொல்கிறார். ஒருத்தரும் நம்பவில்லை. பரிதாபம் சம்பாதிக்கக் கதை கட்டுகிறார், புத்தி கலங்கிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். எலியேசரே நம்பவில்லை.

ஆக ஓடாததற்குக் காரணம் தெரியாமை இல்லை, வந்து சொன்ன ஆள் ஏழை. அது என் எண்ணம், வீசல் இப்படி எழுதவில்லை.

இன்னும் இரண்டு இடம் இருக்கிறது. பாலஸ்தீனத்துக்குப் போக அனுமதிச் சீட்டு வாங்க முடிந்த காலத்தில் மகன் அப்பாவிடம் எல்லாவற்றையும் விற்றுவிட்டுக் கிளம்பலாம் என்கிறான். அப்பா, இந்த வயதில் தூரதேசத்தில் போய் முதலிலிருந்து ஆரம்பிக்க என்னால் ஆகாது என்கிறார். கடைசியில் கெட்டோவில் (யூதர்களை மட்டும் ஒதுக்கி வைத்த பகுதி) அடைத்த பிறகும், பழைய வேலைக்கார அம்மா வந்து அழுகிறார், என் கிராமத்தில் மறைத்து வைக்கிறேன் வாருங்கள் என்று. வேண்டுமானால் நீங்கள் பிள்ளைகள் போங்கள் என்கிறார் அப்பா. பிள்ளைகள் பிரிந்து போக மாட்டோம் என்றுவிட்டார்கள். ரஷ்யப் படையும் நெருங்கிக்கொண்டிருந்தது, இன்னும் கொஞ்ச நாள்தானே என்ற நினைப்பு. தக்காளி விலை அடுத்த வாரம் ஏறும் என்று பறிக்காமல் வைத்திருப்போமே, அந்த நினைப்பு என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிப் பாருங்கள்.

கெலமங்கலம் குமார்:
தக்காளியோடு இதை ஒப்பிடுவது கொஞ்சம் மட்டமாக இருக்கிறது. ஜனவரி 1945இல் ரஷ்யப் படை ஆஷ்விட்ஸை மீட்டபோது அவரும் வெளியே வந்தார், நோபல் பரிசு வாங்கினார் என்று நல்லபடியாக முடித்துவிடலாமே. சின்னப் பிள்ளைகள்.

ஊத்தங்கரை வாசகி:
குமார் அண்ணா, தக்காளி வேண்டாமென்றால் விட்டுவிடுகிறேன். ஆனால் ஆஷ்விட்ஸில் அவர் மீட்கப்படவில்லை. அப்போது அவருக்குக் காலில் ஆபரேஷன் ஆகி ஆஸ்பத்திரிக் கொட்டகையில் படுத்திருந்தார். படை வருகிறது என்று முகாமைக் காலி செய்கிறார்கள். இருக்கிற நோயாளிகளைக் கொன்றுவிடுவார்கள் என்ற பேச்சு. அப்பாவும் மகனும் பேசி, கிளம்பிவிடலாம் என்று முடிவெடுத்துப் பனியில் நடக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் தங்கினவர்களை ரஷ்யர்கள் ஒன்பது நாளில் விடுவித்துவிட்டார்கள். இவர்கள் ஓடினார்கள், அந்த ஓட்டம் அப்பாவை புக்கன்வால்ட் முகாமில் ஜனவரி முடிவதற்குள் கொன்றுவிட்டது. மகனை 1945 ஏப்ரல் 11 அன்று அமெரிக்கப் படை வந்து மீட்டது. அம்மாவும் ஏழு வயதுத் தங்கை ட்ஸிப்போராவும் இறங்கின அன்றே போனவர்கள், இரண்டு அக்காக்கள் மட்டும் மிஞ்சினார்கள். இதை நல்லபடியாக எப்படி முடிப்பது?

அணைக்கட்டு முகாம்:
கிருஷ்ணகிரி மாவட்டத்து மறுவாழ்வு முகாமில் பிறந்தவன் நான். 1990இல் மன்னாரிலிருந்து படகில் வந்தவர்கள் என் அம்மாவும் அம்மம்மாவும். தாத்தா வரவில்லை. ஏன் வரவில்லை என்று சின்ன வயதில் நூறு தடவை கேட்டிருக்கிறேன். கறவை மாடு இரண்டு இருந்தது, கிணற்றுக்குப் புது மோட்டார் போட்டிருந்தார், நெல் அறுக்க இருபது நாள் இருந்தது. அம்மம்மா ஒவ்வொரு தடவையும் அந்த மோட்டாரைத்தான் சொல்வார், அதைப் பூட்டி ஒரு மாதம்கூட ஆகவில்லை என்று. அதற்கு மேல் சொல்ல மாட்டார், எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார்.

வீசலும் பத்து வருஷம் இதைப் பற்றி எழுதவில்லை. பாரிஸில் படித்து, பத்திரிகையாளராக வேலை பார்த்து, அதற்கப்புறம்தான் தாய்மொழியான இத்திஷில் 800 பக்கத்துக்கு மேல் எழுதினார். 1956இல் அர்ஜென்டினாவில் சுருக்கி அச்சானது, 1958இல் பிரெஞ்சில் இன்னும் ஒல்லியாக வந்தது. 1960இல் அமெரிக்காவில் வந்தபோது 3,000 பிரதி விற்க மூன்று வருஷம். மோஷேயை நம்பாத மாதிரிதான். டீச்சர், அந்தப் பத்து வருஷத்தையும் சொல்லுங்கள்.

கெலமங்கலம் குமார்:
தம்பி, நான் முன்னால் எழுதினதை விடுங்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன், பாலஸ்தீன மக்களைப் பற்றி இவர் பேசினாரா?

ஊத்தங்கரை வாசகி:
இஸ்ரேலை வெளியில் இருந்துகொண்டு குறை சொல்ல மாட்டேன் என்ற நிலையில் இருந்தார், அதற்காக நிறைய விமர்சனம் வாங்கினார், எனக்கும் அதில் வருத்தம்தான். ஆனால் 1985இல் வெள்ளை மாளிகையிலேயே அமெரிக்க அதிபர் ரீகனை எதிரில் வைத்துக்கொண்டு, ஹிட்லரின் எஸ்.எஸ். படைக்காரர்களைப் புதைத்திருக்கிற பிட்பர்க் கல்லறைக்கு நீங்கள் போகக் கூடாது என்றார் (அவர் போனார், அது வேறு). 1993இல் வாஷிங்டனில் யூத இனப்படுகொலை நினைவு அருங்காட்சியகத் திறப்பு விழாவில் அதிபர் கிளின்டனைப் பார்த்து, போர் நடந்துகொண்டிருந்த போஸ்னியாவுக்கு ஏதாவது செய்யுங்கள் என்றார். இரண்டையும் சொல்லலாம் டீச்சர், பத்தாம் வகுப்புக்குப் புரியும். 1976இலிருந்து பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் பாடம் எடுத்தவர், கேள்வி கேட்கிற பிள்ளைகளுக்கு நடுவில்தான் இருந்தார்.

பாலக்கோடு டீச்சர்:
இன்று வகுப்பு முடிந்தது. எல்லோருக்கும் நன்றி. பிணக்குவியல் படம் எதுவும் காட்டவில்லை, இறங்கின அன்று ஆண்கள் இந்தப் பக்கம், பெண்கள் அந்தப் பக்கம் என்று பிரித்ததோடு நிறுத்திக்கொண்டேன். எங்கள் வகுப்பிலும் அப்படித்தான் உட்காருகிறார்கள், அது எனக்குச் சொல்லும்போதுதான் உறைத்தது. தக்காளியை நான் எடுக்கவில்லை. முகாம் தம்பி, உங்கள் தாத்தாவின் மோட்டாரை ஊர் பெயர் இல்லாமல் சொன்னேன், தப்பாக நினைக்காதீர்கள். எங்கள் வீட்டிலும் போர்வெல் போட்ட கடன் இருக்கு டீச்சர், எங்கப்பாவும் வரமாட்டார் என்றாள் அந்தப் பெண்.

அப்புறம் மோஷே என்ன ஆனார் என்று கேட்டாள். புத்தகத்தைத் திரும்பப் புரட்டினேன். ஜெர்மன்காரர்கள் ஊருக்குள் வந்து கெடுபிடி தொடங்கியதும், அன்றைக்கே சொன்னேனே என்று அப்பாவிடம் கத்திவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் ஓடிவிடுகிறார், அதற்கு மேல் இல்லை. பி பிரிவுக்குத் திங்கட்கிழமை. போர்டில் எலியேசர் என்று எழுதப் போகிறேன்.