மேஸ்திரி சொல்வதா, கல்லூரி சொல்வதா?

மூன்றாம்வருஷம்: கட்டடக்கலை படிக்கிறேன். ஜூரியில், அதாவது எங்கள் வடிவமைப்பை மதிப்பிடும் குழுவில், எல்லாரும் "உன் கான்செப்ட் என்ன" என்றுதான் கேட்கிறார்கள், மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் வடியும் என்று இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. சைட்டுக்குப் போனால் மேஸ்திரி முதலில் கேட்பதே அதைத்தான். கார்னிஸ், அதாவது சுவரின் மேல்பக்கம் வெளியே நீட்டியிருக்கும் விளிம்பு, வெறும் அலங்காரம் என்று வகுப்பில் சொல்கிறார்கள், அது இல்லாத சுவரைப் பார்த்தாலே இவர் சிரிக்கிறார். நல்ல கட்டடம் எது என்று யார் சொன்னால் நம்புவது?

சுண்ணாம்புக்காரை: மேஸ்திரியையே நம்புங்கள் தம்பி. கார்னிஸ் அடியில் சின்னப் பள்ளமாக ஒரு காடி ஓடும், பார்த்திருக்கிறீர்களா? தண்ணீர் அதைத் தாண்ட முடியாமல் அங்கேயே சொட்டிவிடும், சுவரில் வழியாது. அலங்காரம் என்று சொல்லி அதையெல்லாம் எடுத்த பிறகுதான் வெள்ளைச் சுவர்களில் கறுப்புக் கோடுகள் வந்தன. பிரான்ஸில் கட்டடக்கலைஞர் லெ கொர்பூசியே வடிவமைத்த வில்லா சவாய் என்ற வீடு 1931இல் முடிந்தது. நவீனக் கட்டடக்கலையின் உச்சம் என்று பாடத்தில் வரும், ஆனால் அதன் தட்டைக் கூரை ஒழுகுகிறது என்று வீட்டுக்கார அம்மா வருஷக்கணக்கில் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்.

தூக்குக்குண்டு: கைவினைஞரைக் கொஞ்சம் அதிகமாகவே தூக்கி வைக்கிறீர்கள். பிரான்ஸில் போவே தேவாலயத்தைக் கட்டியவர்கள் கல்லூரிப் பட்டதாரிகள் இல்லை, கைதேர்ந்த கல்தச்சர்கள்தான். அப்படியும் 1284இல் அதன் கூரை வளைவுகள் இடிந்து விழுந்தன. விழுந்தவை போக மிஞ்சியதைத்தான் நாம் "அந்தக் காலத்து வேலை" என்று மெச்சுகிறோம். அதோடு கான்கிரீட்டுக்குள் கம்பி எங்கே, எவ்வளவு என்பது கண்ணால் பார்த்துச் சொல்லும் விஷயம் இல்லை, அதற்குக் கணக்கு வேண்டும்.

மண்சுவர்: இரண்டு பேரும் ஹசன் ஃபாத்தியை மறந்துவிட்டீர்கள். எகிப்தில் கல்லூரியில் படித்த ஆள், தெற்கே நுபியப் பகுதிக் கொத்தனார்களைத் தேடிப் போய் வேலையைக் கவனித்தார். அவர்கள் முதலில் ஒரு சுவர் எழுப்பி, அதன்மேல் மண்செங்கல் வரிசைகளைச் சாய்த்துச் சாய்த்து ஒட்டிக்கொண்டே வருவார்கள், அடியில் முட்டுக்கொடுக்கும் சென்ட்ரிங் பலகையே இல்லாமல் வளைவுக் கூரை நின்றுவிடும். மரம் கிடைக்காத ஊரில் வேறு வழி? 1940களில் லக்சருக்கு எதிர்க்கரையில் நியூ குர்னா கிராமத்தை இந்த முறையில்தான் கட்டினார். குடிபோக வேண்டியவர்களில் பெரும்பாலோர் வரவே இல்லை. பழைய ஊரை விட மனசில்லை, குவிமாடம் வேறு அவர்களுக்குச் சமாதியை ஞாபகப்படுத்தியது. வேலை சுத்தம், எண்ணமும் நல்ல எண்ணம், அப்படியும் வீடுகள் காலி.

தூக்குக்குண்டு: இது சரி. ஆனாலும் தம்பி, சாரம் பிரிப்பதற்குள் அந்தக் காடி வேலையைக் கையால் செய்து பழகிக்கொள்ளுங்கள். ஜூரியில் அதற்கு மார்க் கிடையாது.