புளோரன்ஸ் நகரச் சுவர்களில் வெள்ளம் நின்ற உயரம்

முதல் பகிர்வு

சென்ற ஆண்டு மே மாதம் என் அம்மா, மனைவி, பதின்மூன்று வயது மகள், எட்டு வயது மகன் ஆகியோருடன் இத்தாலிக்குச் சென்று வந்தேன். ரோமில் மூன்று நாள்கள் தங்கினோம். அந்நகரைப் பற்றிப் பலரும் விரிவாக எழுதிவிட்டதால் அதை விட்டுவிடுகிறேன். அங்கிருந்து இரயிலில் ஒன்றரை மணி நேரப் பயணத்தில் வந்து சேர்ந்த புளோரன்ஸ் நகரில், நாங்கள் திட்டமிடாமல் கண்ட ஒன்றைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன்.

முதல் நாள் பேராலயத்தின் குவிமாடத்தில் மகளும் நானும் ஏறினோம். 463 படிகள், மின்தூக்கி கிடையாது. உள் ஓட்டுக்கும் வெளி ஓட்டுக்கும் இடையிலுள்ள ஒடுக்கமான வழியில் ஏறும்போது, 1420 முதல் 1436 வரை கட்டடக்கலைஞர் புரூனெல்லெஸ்கி அடுக்கிய செங்கற்களைக் கைக்கெட்டும் தொலைவில் காணலாம். தரையிலிருந்து மரச்சாரம் எழுப்பித் தாங்காமலே, மீன்முள்போலச் செங்கற்களை மாற்றி மாற்றிப் பதித்து, வளையம் வளையமாக உயர்த்திய கட்டுமானம் அது. முழங்கால் வலியுள்ள அம்மா கீழே கல்மேடையில் பேரனுடன் அமர்ந்திருந்தார். முதியோரை அழைத்துச் செல்பவர்கள் இதை முன்கூட்டியே எண்ணிக்கொள்ள வேண்டும், ஏனெனில் ஏறத் தொடங்கியபின் பாதியில் திரும்புவது எளிதன்று.

மறுநாள் திங்கள்கிழமை. உஃபிசி ஓவியக்கூடத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்பதை நான் கவனிக்கவில்லை. அடைத்த வாயிலின் முன் பிள்ளைகள் வாடிய முகத்துடன் நின்றார்கள். அதன் பின்புறத்திலுள்ள வியா தெய் நேரி என்னும் தெருவில் ஏதேனும் சாப்பிட வாங்கித் தரலாம் என்று நடந்தோம். அங்கே வாங்கிய ரொட்டியைப் பிட்டு வாயிலிட்ட அம்மா, இதில் உப்பே இல்லையே என்றார். புளோரன்ஸைச் சூழ்ந்த தோஸ்கானா பகுதியின் ரொட்டியை உப்பில்லாமல்தான் சுடுவார்கள் என்பதையும், பழைய ரொட்டியை அவரையுடனும் கீரையுடனும் சேர்த்துக் காய்ச்சும் 'ரிபொல்லீத்தா' என்னும் கெட்டிக் கஞ்சிக்கு அது எவ்வளவு பொருந்துகிறது என்பதையும் அன்றிரவு அறிந்தோம். சைவ உணவு உண்போருக்கு அந்தக் கஞ்சி ஒரு நல்ல துணை, ஆனால் அது இறைச்சிச் சாற்றில் செய்ததா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

அத்தெரு சான் ரெமீஜியோ என்னும் சிறு தெருவைச் சந்திக்கும் முனையில்தான் மகன் அண்ணாந்து பார்த்து நின்றான். சுவரில் ஒரு பழைய கல் பதித்திருந்தது. அதில் செதுக்கிய கை ஒன்று அலைகளைச் சுட்டிக் காட்டிக்கொண்டிருந்தது. அதற்கும் மேலே, தரையிலிருந்து ஏறத்தாழ 5 மீட்டர் உயரத்தில், இன்னொரு பலகை. கீழே உள்ளது 1333-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள் ஆர்னோ ஆற்றின் வெள்ளம் எட்டிய உயரம். மேலே உள்ளது 1966-ஆம் ஆண்டு, அதே நவம்பர் 4-ஆம் நாள் எட்டிய உயரம். அறுநூற்று முப்பத்து மூன்று ஆண்டு இடைவெளியில் அதே தேதி! மகனை என் தோள்மீது ஏற்றி நிறுத்தினேன். அவன் கையை எவ்வளவு நீட்டியும் கீழ்க்கல்லைக்கூடத் தொட முடியவில்லை.

நாங்கள் அளந்துகொண்டிருந்ததை எதிர்ப்புறம் நின்று பார்த்த முதியவர் ஒருவர் எங்களிடம் வந்தார். நிதானமான ஆங்கிலத்தில், 1966-இல் தாம் இந்நகரில் பல்கலைக்கழக மாணவராக இருந்ததாகச் சொன்னார். அன்று விடுமுறை நாள் என்பதால் அலுவலகங்களும் கடைகளும் மூடியிருந்தன. குளிர்காலத்துக்காக வீடுகளின் நிலவறைத் தொட்டிகளில் நிரப்பி வைத்திருந்த எரியெண்ணெய் வெள்ளத்தில் கலந்து, நீர் இறங்கிய பிறகும் சுவரெங்கும் கரிய கோடாகப் படிந்திருந்தது. ஆற்றங்கரையில் இருக்கும் தேசிய மைய நூலகத்தின் கீழ்த்தளங்களில் இலட்சக்கணக்கான நூல்களும் இதழ்களும் சேற்றில் மூழ்கின. இத்தாலியின் பிற ஊர்களிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் யாரும் அழைக்காமலே வந்து குவிந்த இளைஞர்கள் படிக்கட்டுகளில் வரிசையாக நின்று, கைமாற்றிக் கைமாற்றி அந்நூல்களை மேலே கொண்டுவந்தார்கள். 'சேற்றுத் தேவதைகள்' என்று நகரம் அவர்களுக்குப் பெயர் வைத்தது. அந்த வரிசையில் தாமும் நின்றதாக அவர் சொன்னபோது, என் மகள் அவருடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்ல அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, ஒரே ஒரு கேள்வி கேட்டார். ஒட்டிக்கொண்ட பக்கங்களைக் கிழியாமல் எப்படிப் பிரித்தீர்கள்? அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் எங்கள் சைதாப்பேட்டை வீட்டுக்குள் நெஞ்சளவு புகுந்து வடிந்தபின், அம்மா தம் திருமணப் புகைப்படங்களை மொட்டை மாடியில் செய்தித்தாள்மீது பரப்பி, நாள் முழுவதும் ஒவ்வொன்றாகப் பிரிக்க முயன்றார். பெரும்பாலானவற்றில் முகங்கள் தாளோடு போய்விட்டன. முதியவர் கேள்வியைக் கேட்டதும் சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு அம்மாவைப் பார்த்து 'சிஞ்ஞோரா' என்று விளித்து, மரத்தூளும் உறிஞ்சுதாளும் கொண்டு ஈரத்தை இழுத்ததையும், புகையிலை உலர்த்தும் சூளைகளுக்கு நூல்களை அனுப்பி உலர்த்தியதையும், நூலகத்தில் அந்தச் சீரமைப்பு பல பத்தாண்டுகள் நீண்டதையும் விளக்கினார். போகும்முன், சாந்தா குரோச்சே ஆலயத்துக்குக் கட்டாயம் செல்லுங்கள், மைக்கேலாஞ்சலோவும் கலிலேயோவும் அங்கே அடக்கமாகியிருப்பதற்காக மட்டுமல்ல என்றார்.

மறுநாள் சென்றோம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் சிமாபுவே வரைந்த பெரிய சிலுவைப் பாடு ஓவியம் அங்கே இருக்கிறது. வெள்ளத்தில் அதன் வண்ணப்பூச்சில் பாதிக்கும் மேல் அழிந்தது. பத்தாண்டு உழைப்பில் அதைச் சீர்செய்தவர்கள், அழிந்த இடங்களில் தாமாக முகத்தையும் உடலையும் வரைந்து நிரப்பவில்லை. மெல்லிய வண்ணக் கோடுகளால் அந்த இடங்களை நிரவி, இழந்தது இழந்ததாகவே தெரியும்படி விட்டார்கள். அம்மா அதன்முன் நின்ற அளவு நேரம் அந்தப் பயணத்தில் வேறெதன் முன்னும் நிற்கவில்லை. அதே ஆலய வளாகத்தின் உணவுக்கூடத்தில் வசாரி 1546-இல் ஐந்து மரப்பலகைகளில் வரைந்த 'கடைசி இராவுணவு' இருக்கிறது. பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல் நீருக்குள் கிடந்த அது, சரியாக 50 ஆண்டுகள் கழித்து 2016 நவம்பர் 4-ஆம் நாள் தன் இடத்துக்குத் திரும்பியது. மீண்டும் வெள்ளம் வந்தால் ஓவியத்தை அப்படியே உயரத் தூக்கும் கப்பிப் பொறி ஒன்றையும் இப்போது பொருத்தியிருக்கிறார்கள். மகனுக்கு ஓவியத்தைவிட அந்தப் பொறியே பெரிதாகப் பிடித்தது. அதில் எனக்கு வருத்தமில்லை.

கடைசி நாளில் பேராலய அருங்காட்சியகத்தில், சிற்பி கிபெர்ட்டி 1425 முதல் 1452 வரை உருவாக்கிய 'சொர்க்க வாயில்' கதவுகளைக் கண்டோம். வெள்ளம் அவற்றின் பத்துத் தகடுகளில் ஐந்தைப் பெயர்த்தெறிந்தது. திருமுழுக்கு ஆலயத்தின் வாயிலில் நாம் வெளியே காண்பது நகல் மட்டுமே. பொன்முலாம் பூசிய அசல் கதவுகளைச் சீரமைக்க 27 ஆண்டுகள் ஆயின. 2012 முதல் அவை கண்ணாடிக்குப் பின்னால் இருக்கின்றன. அத்தகடுகளுள் ஒன்றில் பெருவெள்ளம் வடிந்தபின் நோவாவின் குடும்பம் பேழையிலிருந்து வெளியேறுவதை மகள்தான் கண்டுபிடித்துக் காட்டினாள்.

பிள்ளைகளுடன் செல்பவர்களுக்கு ஒரு குறிப்பு. உஃபிசி போன்ற அரசு அருங்காட்சியகங்களில் பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்குக் கட்டணமில்லை, ஆனால் அவர்களுக்கும் சீட்டுப் பெற்றாக வேண்டும். ஆலயங்களுக்குள் தோளும் முழங்காலும் மறைந்திருக்க வேண்டும்.

மறுமொழி

தங்கள் பகிர்வைப் படித்தவுடன் எழுதத் தோன்றியது, ஏனெனில் 1966 நவம்பர் 4-ஆம் நாள் வெனிஸ் நகரத்துக்கும் உரிய நாள். அன்று அங்கே கடல் 194 செ.மீ. உயர்ந்தது, அந்நகரில் இதுவரை பதிவானவற்றுள் மிக உயர்ந்த அளவு அதுவே. 2019 நவம்பர் 12-ஆம் நாள் வந்த வெள்ளம் அதற்கு அடுத்தது.

மோசே என்னும் கடல்வாயில்கள் 2020 அக்டோபரில் முதன்முறையாக நீரைத் தடுப்பதற்குச் சில ஆண்டுகளுக்குமுன், ஒரு நவம்பர் மாதத்தில் கணவரோடும் மாமியாரோடும் அங்கே சென்றிருந்தேன். விடியற்காலையில் அபாயச் சங்கு ஒலித்தது. சங்குக்குப் பின் வரும் நீண்ட ஒலியின் படிநிலைகளைக் கொண்டே நீர் எவ்வளவு உயரும் என்பதை ஊரார் அறிந்துகொள்கிறார்கள் என்று விடுதிப் பெண்மணி விளக்கி, எங்கள் மூவருக்கும் இரப்பர்க் காலணிகளை எடுத்து வைத்தார். புனித மாற்கு சதுக்கத்தில் மரமேடைகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். அவற்றின்மீது மக்கள் ஒருவர்பின் ஒருவராக, யாரையும் இடிக்காமல் சென்றார்கள். என் மாமியார் புடவையைக் கொசுவத்தோடு உயர்த்திச் செருகிக்கொண்டு நடந்ததைக் கண்டு, கடை வாசலில் தடுப்புப் பலகையைப் பொருத்திக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி எழுந்து வந்து, மேடையிலிருந்து இறங்கக் கைகொடுத்தார். பிறகு தம் கடைக்குள் அழைத்துச் சென்று, கதவு நிலையில் கீறிவைத்திருந்த கோடுகளைக் காட்டினார். அவர் தோளுக்கு நேரே இருந்த கோட்டைத் தொட்டு, "அப்பா" என்று மட்டும் சொன்னார். அது அவருடைய தந்தை கீறிய கோடு என்பதை மொழி தெரியாமலே புரிந்துகொண்டோம்.

தங்கள் சைதாப்பேட்டை வீட்டுச் சுவரில் அப்படி ஏதேனும் அடையாளம் இருக்கிறதா?

முதல் பகிர்வாளரின் பதில்

இல்லை. வெள்ளம் வடிந்த அடுத்த மாதமே, பார்க்கப் பொறுக்காமல் நான்தான் வெள்ளையடித்து மறைத்தேன். ஆனால் ஊர் திரும்பிய வாரத்தில் மகன் அதே கேள்வியைத் தன் பாட்டியிடம் கேட்டிருக்கிறான். அம்மா கூடத்துச் சுவரருகே போய் நின்று, சிறிதும் தயங்காமல் தம் உள்ளங்கையை ஓரிடத்தில் வைத்தார். அவன் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, பாட்டி சொன்ன தேதியை அதன்கீழே எழுதினான். பிறகு சிறிது யோசித்து, கோட்டைச் சுட்டிக் காட்டும் கை ஒன்றையும் பக்கத்தில் வரைந்தான்.